உருக்கைக் கொன்றது ரகசியம் அல்ல

பள்ளி ஆண்டு விழா மேடையில் கேட்கலாம், தொலைக்காட்சி விவாதத்தில் கேட்கலாம், கைபேசியில் தினமும் வந்து விழும் செய்திகளிலும் படிக்கலாம். தென்னிந்தியாவில் செய்த உருக்கிலிருந்துதான் டமாஸ்கஸ் வாள் பிறந்தது. அந்த வாளை ஜெர்மானிய அறிஞர்கள் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது உள்ளே நானோ குழாய்கள் இருந்தன. ஆகவே நம் முன்னோருக்கு நானோ தொழில்நுட்பம் தெரிந்திருந்தது. இதோடு ஒரு பெருமூச்சும் சேர்ந்துகொள்ளும். அப்பன் மகனுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்து, ஊராருக்கு மறைத்து வைத்ததால் அந்த ரகசியம் அழிந்தே போனது என்பார்கள்.

இந்தக் கதையின் முற்பாதியும் தவறு, பிற்பாதியும் தவறு. முற்பாதி, உருக்கு செய்தவர் அறியாத ஒன்றை அவர் தலையில் கட்டிவிட்டு, அவர் உண்மையில் அறிந்திருந்ததை மூடி மறைக்கிறது. பிற்பாதி, அவர் தொழிலை நசுக்கியவர்களைத் தப்பவிட்டு, பழியை அவர் மீதே சுமத்துகிறது. படித்தவர்களும் ஆசிரியர்களும்கூட யோசிக்காமல் இதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பதால், வரிக்கு வரி மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த ஜெர்மானிய ஆய்வு. 2006 நவம்பரில் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் பாஃப்லர் குழு ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டது. அவர்கள் ஆராய்ந்தது சுவிட்சர்லாந்தின் பெர்ன் அருங்காட்சியகத்தில் இருந்த 17ஆம் நூற்றாண்டு வாள் ஒன்றை. அசதுல்லா என்ற பாரசீகக் கொல்லரின் பெயர் சொல்லும் வாள் அது. அதன் துணுக்கை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, எஞ்சியதை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது கரிமக் குழாய்களின் தடயம் தெரிந்தது என்கிறது கட்டுரை. உருக்கு காய்ச்சியவருக்கோ வாள் அடித்தவருக்கோ அது தெரிந்திருந்தது என்று அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. ஒரே ஒரு வாள், ஒரே ஒரு சோதனை. அதிலிருந்து ஒரு நாகரிகம் முழுவதற்கும் நானோ அறிவை எழுதிவைப்பது ஆராய்ச்சிக்குச் செய்யும் மரியாதையே இல்லை. போதாக்குறைக்கு, சாதாரண கரிம உருக்கிலும் இரும்புக் கார்பைடு நானோ மீட்டர் கணக்கில் அளக்கும் மெல்லிய தகடுகளாகத்தான் அடுக்கடுக்காக அமைகிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் ரயில் தண்டவாளம் வார்த்த ஒவ்வொரு தொழிலாளியும் நானோ விஞ்ஞானிதான்.

இந்தப் பெருமையில் என்னை உறுத்துவது இதுதான். ஒரு மனிதரின் வேலைக்கு மதிப்பு வர, முந்நூறு ஆண்டு கழித்து வேறொரு நாட்டு நுண்ணோக்கி சான்றிதழ் தர வேண்டியிருக்கிறது. அவர் தன் கண்ணாலும் காதாலும் கையாலும் அறிந்து செய்ததை யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்ல நிறைய இருக்கிறது.

இரும்பு 1538 பாகை செல்சியஸில்தான் உருகும். நாட்டு உலையில் அந்தச் சூடு எட்டாது; தாதுவிலிருந்து கிடைப்பது கசடு கலந்த, பஞ்சு போன்ற இரும்புக் கட்டிதான். அதைத் தட்டித் தட்டிக் கசடு நீக்கினால் தேனிரும்பு. ஆனால் இரும்பில் ஒன்றரை சதவீதம் அளவுக்குக் கரிமம் ஏறினால் உருகுநிலை நூறு பாகைக்கு மேல் இறங்கிவிடும். அந்த இடைவெளியைப் பிடித்ததுதான் தென்னாட்டு உருக்குக்காரரின் சாதனை. காற்றுப் புகாத மண் மூசைக்குள் இரும்பையும் கரிமம் தரும் விறகையும் சேர்த்து அடைத்து, இரும்பு கரிமத்தைக் குடிக்கக் குடிக்க உருகி, கசடு தனியே மேலே மிதக்க, அடியில் சீரான உருக்கு உறையும்படி செய்தார்கள். ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் உருக்கை மூசையில் உருக்கிக் காட்டியது 1740களில்தான்.

சேலத்துப் பக்கம் இது நடந்த விதத்தை, கிழக்கிந்தியக் கம்பெனியின் சிவில் பணியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் எழுதிவைத்திருக்கிறார். இரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி மூசையில் போடுவார்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு, பொடியாக நறுக்கிய காய்ந்த விறகு. அதுவும் எந்த விறகானாலும் சரி என்பதில்லை, ஆவாரை. மேலே ஒன்றிரண்டு பச்சை இலை, பெரும்பாலும் எருக்கிலை. வாயைக் களிமண்ணால் இறுக அடைத்துக் காயவைப்பார்கள். இருபது, இருபத்து நான்கு மூசைகளை உலையில் வளைவாக அடுக்கிக் கரியால் மூடி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். ஆறிய பிறகு மூசையை உடைத்தால் அடியில் உருக்குக் கட்டி. அதன் மேல்பரப்பில் நடுவிலிருந்து விளிம்புவரை கதிர் கதிராகக் கோடு ஓடியிருந்தால் சரியாக உருகியிருக்கிறது. பரப்பு பொத்தல் பொத்தலாக இருந்தால் உள்ளே உருகாத இரும்பு நிற்கிறது. தேறாத கட்டிகளும் நிறைய உண்டு. தேறியதை அப்படியே சம்மட்டியில் வைக்கவும் முடியாது. உருகும் சூட்டுக்குச் சற்றுக் கீழே, கரி நெருப்பில், காற்றுப் படும்படி புரட்டிப் புரட்டிப் பல மணி நேரம் பதப்படுத்தினால்தான் மிகுதிக் கரிமம் குறைந்து அடிக்கு இணங்கும்.

இவ்வளவுக்கும் பின்னால் எத்தனை தலைமுறை சோதனையும் தோல்வியும் இருந்திருக்க வேண்டும்! பச்சை இலை எதற்கு என்று ஹீத்தே யோசித்திருக்கிறார். மூடிய மூசைக்குள் இலையிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் கலந்த கரிம வாயு இரும்புக்குள் கரிமத்தை வேகமாக ஏற்றுகிறது என்பது அவர் ஊகம். அதே கொள்கையில் அவர் காலத்து இங்கிலாந்தில் ஒருவர் காப்புரிமை வாங்கியிருந்தார்.

உருக்கைவிட மூசையே எனக்குப் பெரிய அதிசயமாகப் படுகிறது. பழைய உலைக்களத்தில் கிடக்கும் உடைந்த மூசைத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிப்புறம் சூட்டில் உருகிக் கண்ணாடியாகி, கரும்பச்சை மினுமினுப்போடு இருக்கும். உடைந்த விளிம்பில் கறுப்பு. உற்றுப் பார்த்தால் கறுப்புக்குள் நீளநீளமான சிறு துளைகள். களிமண்ணில் பிசைந்த உமி கருகி விட்டுப்போன இடங்கள் அவை. உமியில் சிலிக்கா அதிகம். உமி கருகினாலும் அந்தச் சிலிக்காக் கூடு நின்று சுவரைத் தாங்குகிறது. கருகிய கரிமம், வெளியிலிருந்து பிராணவாயு உள்ளே புகாமல் தடுக்கிறது. சுவர் ஆயிரத்து முந்நூறு, நானூறு பாகையிலும் சரிந்துவிழாமல் நிற்கிறது. நெல் குத்தும் வீட்டில் சும்மா கிடைக்கும் உமியைக் கொண்டு இதைச் சாதித்தவருக்கு சிலிக்கா என்ற பெயர் தெரியாது. எந்த மண்ணில் எவ்வளவு உமி சேர்த்தால் மூசை வெடிக்காது என்பது தெரியும். தெலங்கானாவில் உள்ள கோனசமுத்திரத்து மூசைகளை ஆராய்ந்த தெல்மா லோ இந்த உமிச் சேர்மானத்தின் நுட்பத்தை விரிவாக எழுதியிருக்கிறார். நம் மேடைகளில் ஒருவராவது உமியைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

தெரியாதது எது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும், ஃபுளோரிடாவில் குதிரை லாடமும் கத்தியும் அடித்துவந்த ஆல்ஃபிரட் பென்ட்ரேயும் சேர்ந்து பல ஆண்டுகள் உருக்கு காய்ச்சி, வாள் அடித்து, டமாஸ்கஸ் வாளின் அலை வரிகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1998இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: அந்த வரிகளுக்குக் காரணம் தாதுவில் இருந்த வெனேடியம் போன்ற கலப்புகள், லட்சத்தில் சில பங்கு இருந்தாலே போதும். வெனேடியம் இல்லாத தாதுவில் அதே கை, அதே உலை, அதே விறகு இருந்தும் வரி விழாது. தாது தீர்ந்ததாலோ மாறியதாலோ வரியும் மறைந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. மூசைக்காரருக்கு வெனேடியம் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு தாதுவைத் தேடியிருப்பார். 1819இல் மைக்கேல் ஃபாரடேவுக்கும் அது தெரியவில்லை. கொல்லர் மகனான அவர், இந்திய உருக்கைப் பகுத்துப் பார்த்து, அதன் சிறப்புக்கு அலுமினாவும் சிலிக்காவும் காரணம் என்று தவறாக முடிவு கட்டினார். பிறகு கத்தி வியாபாரி ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து பிளாட்டினம், வெள்ளி, ரோடியம் என்று பலவற்றை உருக்கில் கலந்து பார்த்தார். அவரை அறிவில்லாதவர் என்று யாரும் சொல்வதில்லை. நம் உலைக்காரருக்கு மட்டும் இரண்டே இடம் கொடுக்கிறோம்: ஒன்று நானோ ரிஷி, இல்லையென்றால் தற்செயலாக ஏதோ செய்த பாமரன்.

இரண்டாவதைச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பகுத்தறிவின் பெயரால் சொல்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. தற்செயல் ஒருமுறை நடக்கும். பத்தில் ஒரு பங்கு ஆவாரையும், உமி பிசைந்த மண்ணும், கட்டியின் மேல்பரப்பைப் பார்த்துத் தரம் பிரிப்பதும் தற்செயலில் வராது. இலங்கையில் மூசையை இடுக்கியால் தூக்கி மெல்லக் குலுக்கி, உள்ளே தளும்பும் ஓசையைக் கேட்டு, இரும்பு உருகிவிட்டதா என்று அறிந்தார்கள். ஆனந்த குமாரசுவாமி இதைப் பதிவு செய்திருக்கிறார். மூடிய மூசைக்குள் என்ன நடக்கிறது என்பதைக் காதால் படித்தவர்களின் அறிவுக்கு அறிவு என்ற பெயரைத் தர ஏன் இவ்வளவு தயக்கம்?

பழம்பெருமைப் பட்டியலில் சேர்த்துச் சொல்லும் வேறு சிலவற்றையும் தாண்டிப் போய்விடலாம். போரஸ் மன்னர் அலெக்சாண்டருக்கு உருக்குப் பரிசளித்தார் என்பார்கள். இலத்தீன் வரலாற்றாசிரியர் குர்ட்டியஸ் எழுதியதில் பரிசு தந்தவர்கள் மல்லி முதலான குடியினர். போரஸ் அங்கே வருவதே இல்லை. தந்தது ‘வெள்ளை இரும்பு’. அது உருக்குதானா என்பதற்கு உறுதியில்லை. உலகில் நமக்கு மட்டுமே மூசை உருக்கு தெரியும் என்பதும் நிற்காது. துர்க்மெனிஸ்தானின் மெர்விலும் உஸ்பெகிஸ்தானின் அக்சிகெத்திலும் இடைக்காலத்து உருக்கு மூசைகள் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் உருக்குத் தடயம் கிடைத்த கொடுமணலுக்கும் மேல்சிறுவலூருக்கும் இதனால் எந்தக் குறைவும் இல்லை.

இனி ரகசியம்.

ரகசியமாக வைத்திருந்தால் இத்தனை பேருக்கு எப்படித் தெரிந்தது? 1794இல் பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் இந்திய உருக்கை லண்டனுக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டே ஜார்ஜ் பியர்சன் அதை ஆராய்ந்து ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். பெஞ்சமின் ஹெய்ன் உலைகளைப் பார்த்து எழுதினார். பிரான்சிஸ் புக்கானன் மைசூர்ச் சீமை வழியாகப் போனபோது உருக்கு காய்ச்சுவதைப் பார்த்து, செலவுக் கணக்கோடு எழுதி, 1807இல் அச்சிட்டார். ஹீத் எழுதினார், கேம்ப்பெல் எழுதினார். இவற்றில் சிலவற்றை வரலாற்றாய்வாளர் தரம்பால் 1971இல் தொகுத்த நூலில் இன்றும் படிக்கலாம். எந்த உலைக்காரரும் இவர்களை விரட்டியடித்ததாகத் தெரியவில்லை. நிசாமாபாத் பக்கத்துக் கோனசமுத்திரத்துக்குப் போன ஹென்றி வாய்சி அங்கே பார்த்தது இன்னும் ஒருபடி மேல். இஸ்ஃபஹானிலிருந்து வந்த பாரசீக வணிகர் ஒருவர் உலைக்குப் பக்கத்திலேயே இருந்து, எடை போடுவதையும் கலப்பதையும் தானே மேற்பார்த்து, உருக்கின் தரத்தையும் தானே சோதித்து வாங்கிக்கொண்டிருந்தார். வாங்குபவர் கண்ணெதிரே நடந்த வேலையை ரகசியம் என்று எப்படிச் சொல்வது?

மறைக்க ஒரே சூத்திரமும் இருக்கவில்லை. சேலத்தில் இரும்போடு விறகும் இலையும் வைத்து இரண்டரை மணி நேரம். கோனசமுத்திரத்தில் இரு வேறு ஊர் இரும்பைக் கலந்து, ஒரு பகலும் இரவும் ஊதி, மெல்ல ஆறவிடுவது. மண்ணுக்கும் தாதுவுக்கும் விறகுக்கும் ஏற்ப ஊருக்கு ஊர் முறை வேறு. ஒரு குடும்பம் வாயை மூடிக்கொண்டதால் இவை எல்லாம் ஒருசேர மறைந்துவிட்டன என்பது நம்பும்படியாகவா இருக்கிறது?

ரகசியம் தொழிலைக் கொல்லும் என்பவர்கள் கேரளத்தின் ஆரன்முளைக்குப் போய்வர வேண்டும். அங்கே உலோகக் கண்ணாடி செய்யும் குடும்பங்கள் கலவை விகிதத்தை இன்றும் வெளியில் சொல்வதில்லை. ஆனால் சாரதா ஸ்ரீனிவாசனும் இயன் குளோவரும் அதை ஆராய்ந்து, செம்போடு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வெள்ளீயம் சேர்ந்த கலவை என்று எப்போதோ அச்சிட்டுவிட்டார்கள். ரகசியம் வெளியான பிறகும் தொழில் நடக்கிறது; புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. காரணம், கண்ணாடியை வாங்க ஆள் இருக்கிறது. மறைத்த தொழில் வாழ்கிறது, எல்லார் கண்ணுக்கும் முன்னால் நடந்த உருக்குத் தொழில் செத்தது. ரகசியக் கதையைச் சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

உருக்கைக் கொன்றது எது என்பதற்கு ஆவணம் இருக்கிறது. உருக்குக்காரருக்கு மூன்று வேண்டும்: தாது, கரி, வாங்குபவர். முதலில் வாங்குபவர் போனார். அரசுகள் விழுந்து படைகள் கலைந்தன. 1857க்குப் பின் ஆயுதம் பறிக்கப்பட்டது. 1878 ஆயுதச் சட்டம் வாளுக்கு உரிமம் கேட்டது. கோடாலிக்கும் கொழுவுக்குமாவது தேவை இருந்ததே என்றால், இங்கிலாந்திலிருந்து மலிவான இரும்பு வந்து இறங்கியது. 1856இல் பெஸ்ஸமர் முறை வந்த பிறகு உருக்கே டன் கணக்கில் கொட்டத் தொடங்கியது. 1860களின் தொடக்கத்தில் சேலம் வழியாக ரயில் ஓடியதும், அதுவரை துறைமுகத்தோடு நின்ற சீமை இரும்பு உள்நாட்டுச் சந்தை வரை வந்தது. ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு கட்டியாகக் காய்ச்சும் உலை அதோடு எப்படி மோதும்?

அடுத்தது கரி. சேலத்து உருக்கைப் பற்றி எழுதிய அதே ஹீத், சிவில் பணியை விட்டு விலகி, 1830இல் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறை இரும்பாலை தொடங்கினார். கம்பெனி அவருக்குக் கடன் கொடுத்தது, தனியுரிமை கொடுத்தது. அப்படியும் அந்த ஆலை தேறவில்லை. கரித் தட்டுப்பாடு அதை வாட்டிய முக்கியக் காரணங்களில் ஒன்று. அரசின் தயவு பெற்றவருக்கே அந்தக் கதி. 1878இல் இந்திய வனச் சட்டமும் 1882இல் மதராஸ் வனச் சட்டமும் வந்து காட்டுக்கு வேலி போட்டபோது, தலைச்சுமையாக விறகு வெட்டிக் கரி சுட்டவருக்கு என்ன மிச்சமிருக்கும்? நேற்றுவரை அவர் பிழைப்பு நடந்த காடு இன்று குற்றம் செய்யும் இடம். ரயில் எஞ்சினுக்கு விறகாக அதே காடுகள் வெட்டப்பட்டன என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இடையில் 1876இலிருந்து 1878 வரை பெரும் பஞ்சம். சேலம் ஜில்லா மிகக் கடுமையாக அடிபட்ட இடங்களில் ஒன்று. மத்திய இந்தியாவின் அகாரியா மக்களைப் பற்றி வெரியர் எல்வின் 1942இல் எழுதிய நூலிலும் இதே கதைதான்: உலைக்கு வரி, கரிக்குத் தடை, சந்தையில் ஆலை இரும்பு.

இவ்வளவையும் விட்டுவிட்டு, “ரகசியமாக வைத்து அழித்துவிட்டார்கள்” என்று சொல்வது பட்டினியால் செத்தவரைத் தற்கொலை செய்துகொண்டார் என்று எழுதுவதற்குச் சமம். அந்த வாக்கியம் ஏன் இவ்வளவு வசதியாக வாயில் வருகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. உலை ஊதியவர்கள் பெரும்பாலும் எழுத்தறியாதவர்கள், சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டவர்கள். அறிவு என்றால் ஏட்டில் இருக்க வேண்டும் என்று பழகிப்போன நமக்கு, ஏட்டில் இல்லாத அறிவு ஒன்று மந்திரமாக இருக்க வேண்டும் அல்லது ரகசியமாக இருக்க வேண்டும். அது வேலையாக இருந்தது என்பதை ஏற்க மனம் வருவதில்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசின் ஆய்வறிக்கை, சிவகளையில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு இரும்பின் காலத்தை கி.மு. 3345 வரை கொண்டுபோனபோது, அந்த எண் ஒரே நாளில் ஊரெல்லாம் பரவியது. எந்த உலையில், எந்தத் தாதுவில், யார் உருக்கினார்கள் என்று கேட்ட குரல்களைத் தேட வேண்டியிருந்தது.

நவீன ஆராய்ச்சி இந்த அறிவை எப்படி அணுக வேண்டும் என்பதற்கு இலங்கையின் சமனலவேவ நல்ல எடுத்துக்காட்டு. அங்கே மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் பழைய இரும்பு உலைகளின் எச்சங்களைத் தொல்லியலாளர் கில் ஜூலெஃப் கண்டார். துருத்தி இல்லாமல், தென்மேற்குப் பருவக்காற்றே ஊதிய உலைகள். இயற்கைக் காற்றை நம்பும் உலையில் நல்ல இரும்பு எடுக்க முடியாது என்பதுதான் அதுவரை நூல்களில் இருந்த கருத்து. அவர் அதே சரிவில் அதே அமைப்பில் உலை கட்டி, பருவக்காற்று வரும்வரை காத்திருந்து, உருக்கிப் பார்த்தார். இரும்பு கிடைத்தது, அதில் உருக்குத் தரத்துக் கரிமமும் இருந்தது. 1996இல் ‘நேச்சர்’ அதை வெளியிட்டது. அங்கே யாரும் முன்னோர் பெருமை பாடவில்லை, தற்செயல் என்று ஒதுக்கவும் இல்லை. உலை கட்டியவரின் இடத்தில் போய் நின்று காற்றைக் கவனித்தார்கள்.

நமக்கும் அந்த வேலை பாக்கி இருக்கிறது. 2010இல் சாரதா ஸ்ரீனிவாசன், ஜூலெஃப், ஜெய்கிஷன் ஆகியோர் வட தெலங்கானாவில் ஊர் ஊராக நடந்து உலைக்களங்களையும் கசடு மேடுகளையும் பதிவு செய்தார்கள். சேலத்துக் கஞ்சமலை அடிவாரம் தொடங்கிக் கொங்குநாடு முழுவதும் அதே போன்ற கணக்கெடுப்பு தேவை. மேடுகள் உழவுக்காகவும் வீட்டு மனைக்காகவும் சமன்படுத்தப்படும் வேகத்தைப் பார்த்தால், அது இந்தப் பத்தாண்டுக்குள் நடந்தாக வேண்டும். கூடவே, பட்டறையில் நிறம் பார்த்து இரும்பைத் தோய்த்துப் பதமேற்றும் கொல்லர்களிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். பாடநூல் எழுதுபவர்கள் நானோ குழாய் வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உமியையும் ஆவாரையையும் எருக்கிலையையும் எழுதட்டும். அதே பக்கத்தில், அடுத்த பத்தியிலேயே, 1882ஆம் ஆண்டு மதராஸ் வனச் சட்டத்தையும் எழுதட்டும்.